மூன்று லட்ச ரூபாய்க்குப் பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும்: வீட்டில் வைத்துக் கேட்காமல் வாங்கலாமா?

தம்புராநாதம் (காட்பாடி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய ஆடியோ கருவிகளை வாங்கி விற்கும் சென்னை வியாபாரி ஒருவரிடம் ஜப்பானிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும், அடி, நடு, உச்ச ஒலிகளுக்குத் தனித்தனி ஒலிப்பான்கள் உள்ள பெரிய மூன்று வழி ஸ்பீக்கர் ஜோடி ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து மூன்று லட்ச ரூபாய் சொல்கிறார். இரண்டுமே 1970களின் வடிவமைப்புகள். ஆம்ப்ளிஃபயர் ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதால் 100 வோல்ட்டில்தான் ஓடும். அதற்கான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரையும் தாமே தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம், ஆனால் பொருள் கடையை விட்டு வெளியே போனால் திரும்ப எடுப்பதில்லை என்பது அவருடைய வழக்கம். நான் விடாமல் கேட்டதால், முழுத் தொகையையும் கட்டிவிட்டு ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்கலாம் என்றும், பிடிக்காவிட்டால் ஐந்து சதவீதம் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதாகவும் இறங்கி வந்தார். எழுத்தில் மட்டும் எதுவும் வேண்டாமாம், வாய்ச்சொல் போதுமாம்.

என் வீட்டுக் கூடம் 15 அடிக்கு 12 அடி. விட்ரிஃபைடு டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி ஜன்னல். அவருடைய கடையிலோ கம்பளம், கனமான திரைச்சீலை, மெத்தை வைத்த சோபா, இருபத்து நான்கு டிகிரியில் ஏசி. அங்கே கேட்டது என் வீட்டில் கேட்கும் என்று எப்படி நம்புவது? ஆரணிப் பட்டைக் கடை விளக்கில் பார்த்துவிட்டு, வாசல் வெளிச்சத்துக்கும் கொண்டுபோய் ஒருமுறை பார்த்துத்தானே எடுக்கிறோம். இவ்வளவு பெரிய தொகையில் வீட்டுச் சோதனை கேட்பது நியாயமானது என்றே நினைக்கிறேன். எந்த நிபந்தனைகளோடு கேட்க வேண்டும், கடையிலும் வீட்டிலும் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நான் கேட்பது பெரும்பாலும் கர்நாடக இசை.

ராணிப்பேட்டை_சர்வீஸ் எழுதியது:

ஐயா, வீட்டுச் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். ஆனால் அது இருக்கிறது என்பதற்காகக் கடைச் சோதனையைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். பொருள் நல்ல நிலையில் இருக்கிறதா என்பது கடையிலேயே தெரிந்துவிட வேண்டிய விஷயம். உங்கள் கூடத்துக்கும் காதுக்கும் பொருந்துகிறதா என்பதுதான் வீட்டில் தெரியும். பழுதான பொருளை வீடு வரைக்கும் தூக்கி வந்து பழுது என்று கண்டுபிடித்தால், அது வழியில் உடைந்ததா, உங்கள் கையில் உடைந்ததா என்ற பேச்சுத்தான் மிஞ்சும்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் போய்ச் சேரும் முன் அதை ஓட்டிச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐம்பது ஆண்டுப் பழைய கருவியின் குறைகளில் பல, ஆறிய நிலையில் முதல் சில நிமிடங்களில்தான் வெளிப்படும். பாதுகாப்பு ரிலே (ஸ்பீக்கரைச் சற்றுத் தாமதித்து இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) இருக்கும் கருவியானால், சுவிட்சைப் போட்ட சில நொடிகளில் 'டிக்' என்ற ஒலி வந்து இரண்டு பக்கமும் ஒன்றாகப் பாட வேண்டும். ஒரு பக்கம் தாமதமாக வந்தாலோ, சத்தத்தைக் கூட்டிய பிறகே தெளிந்தாலோ ரிலே முனைகள் தேய்ந்திருக்கின்றன. வால்யூம், பேலன்ஸ், டோன் குமிழ்கள் அனைத்தையும் மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கான்டாக்ட் கிளீனரில் போய்விடும். ஆனால் அதைச் சுத்தம் செய்யாமலே விலை சொல்லும் வியாபாரி உள்ளே எதையும் திறந்து பார்க்கவில்லை என்பது அதிலிருந்து தெரியும்.

மல்டிமீட்டர் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, பாட்டு எதுவும் ஓடாத நிலையில், ஸ்பீக்கர் முனைகளில் டிசி மின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஐம்பது மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. நூறைத் தாண்டினால் உள்ளே வேலை இருக்கிறது என்று பொருள். அந்த மின்சாரம் ஓயாமல் உங்கள் ஸ்பீக்கர் சுருளில் பாய்ந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்க் இரண்டிலும் புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும்.

ஸ்பீக்கரில் முதலில் வூஃபரின், அதாவது அடி ஒலியைத் தரும் பெரிய ஒலிப்பானின், விளிம்பைப் பாருங்கள். நுரை விளிம்பாக இருந்தால் பத்து, இருபது ஆண்டுகளில் பொடிந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் இன்னும் சீக்கிரம். மாற்றியிருந்தால் யார் மாற்றினார்கள், எப்போது என்று கேளுங்கள். இரண்டு பெட்டிகளின் வரிசை எண்களும் அருகருகே இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். 1974இல் வெளிவந்த யமஹா என்எஸ்-1000எம் போன்ற ஸ்பீக்கர்களில் நடு ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் பெரிலியம் ஒலிப்பான்கள் இருக்கும். அவை பழுதானால் அதே உலோகத்தில் மாற்றுக் கிடைப்பது மிகக் கடினம். உடைந்த பெரிலியத்தின் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், வலையைக் கழற்றித் தொட்டுப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

இதில் கர்நாடக இசை கேட்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நான் சொன்ன ஸ்பீக்கரில் உச்ச ஒலியைத் தரும் ட்வீட்டர் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வேலை செய்கிறது. வாய்ப்பாட்டும் வீணையும் பெரும்பாலும் அதற்குக் கீழேயே அடங்கிவிடுவதால், ஒரு பக்க ட்வீட்டர் முழுவதுமாகச் செத்திருந்தாலும் பாட்டு நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே ஜால்ரா ஒலிக்கும் பஜனைப் பதிவு ஒன்றையும், கஞ்சிரா சேர்ந்த தனி ஆவர்த்தனம் ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். ஆம்ப்ளிஃபயரை மோனோவில் (இரு பக்கமும் ஒரே ஒலி வரும்படி) வைத்து, பேலன்ஸ் குமிழை இடமும் வலமும் மாற்றி மாற்றித் திருப்புங்கள். ஜால்ராவின் ஓசை ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் துணி போர்த்தியதுபோலவும் இருந்தால், காதை ஸ்பீக்கரின் ஒவ்வொரு ஒலிப்பானுக்கும் அருகில் கொண்டுபோய் எது பேசவில்லை என்று பாருங்கள்.

இசைத்தட்டு_குடியாத்தம் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கூடத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

15 அடி நீளமுள்ள அறையில் ஏறத்தாழ 38 ஹெர்ட்ஸிலும், 12 அடி அகலத்தில் 47, 48 ஹெர்ட்ஸிலும் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கி நிற்கும். இது எந்த நிறுவனத்தின் ஸ்பீக்கரை வைத்தாலும் நடப்பது. அறையின் அளவுதான் காரணம். சிறிய ஸ்பீக்கர் அந்த அதிர்வெண் வரை இறங்குவதே இல்லை என்பதால் இதுவரை உங்களுக்கு அது தெரிந்திருக்காது. பெரிய வூஃபர் வந்ததும் தவிலின் தொப்பிப் பக்கமும், பக்க வாத்தியத்தின் அடி ஒலியும் மூலைகளில் உருளத் தொடங்கும். அதைக் கேட்டதும் ஸ்பீக்கர் சரியில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பின்சுவரிலிருந்து இரண்டடி, மூன்றடி முன்னே இழுத்து வையுங்கள். இரண்டு பெட்டிகளும் மூலையை விட்டு நன்றாக விலகட்டும். உட்காரும் நாற்காலியையும் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். கேட்கும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு கனமான ஜமக்காளத்தை விரித்தால் டைல்ஸின் கூச்சல் பெருமளவு அடங்கும். இவ்வளவும் செய்த பிறகும் ஒத்துவராவிட்டால்தான் அந்த ஸ்பீக்கர் உங்கள் கூடத்துக்குரியது அல்ல. ஒரு வாரம் கேட்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரு மாலைப் பொழுதில் இது முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள்வதும் முக்கியம். ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக்கூட நம் காது 'தெளிவானது', 'உயிரோட்டமானது' என்று எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் இரண்டாவது கருவிக்கு மாற்றும்போது வால்யூமைச் சற்றே ஏற்றிவிட்டால் போதும், விலை கூடிய கருவிதான் நல்லது என்று நாமே சொல்லிவிடுவோம். அவர் வேண்டுமென்று செய்ய வேண்டியதில்லை, கைப்பழக்கத்திலேயே நடந்துவிடும். குமிழை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்னாளில் டர்ன்டேபிள் வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்த, மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கேற்பச் சுற்றும் சிங்க்ரனஸ் மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 28க்கும் குறைவாகச் சுற்றும் தட்டில் பாடகரின் சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே ஒழிய ஹெர்ட்ஸை மாற்றாது. அதற்குரிய புல்லியைத்தான் மாற்ற வேண்டும். வேகம் நிலையாக இருக்கிறதா என்று பார்க்கத் தம்புரா மட்டும் ஒலிக்கும் பதிவைப் போன்ற சோதனை வேறில்லை. சிறு அசைவு இருந்தாலும் சட்ஜமம் அலையும்.

ஆரணிக்காரன்_சென்னை எழுதியது:

சில ஆண்டுகள் இதே வியாபாரத்தில் இருந்தவன் என்ற முறையில் விற்பவர் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

வீட்டுச் சோதனைக்குக் கொடுக்க வியாபாரிகள் தயங்குவது எல்லா நேரமும் ஏமாற்றும் எண்ணத்தால் அல்ல. புதுமனை புகுவிழாவுக்கு ஸ்பீக்கரை எடுத்துப் போய், விழா முடிந்ததும் பிடிக்கவில்லை என்று திருப்பித் தந்தவர்கள் உண்டு. சிறிய ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முறுக்கி, ஒலி உடைந்து ட்வீட்டர் சுருள் எரிந்த பிறகு, வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதித்தவர்களும் உண்டு. சில பழைய ஆம்ப்ளிஃபயர்களில் உள்ள கண்ணாடிக் குழாயான வால்வில் நல்லதைக் கழற்றி வைத்துக்கொண்டு தேய்ந்த வால்வைப் பொருத்தி அனுப்புவது இத்தொழிலில் எல்லாரும் அறிந்த தந்திரம். முப்பது கிலோ எடையுள்ள பெட்டியை ஸ்ரீபெரும்புதூருக்கும் வாலாஜாபேட்டைக்கும் நடுவே சரக்கு வண்டியில் இரண்டு முறை குலுக்கி எடுத்து வந்தால் பெட்டியின் மூலை என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

எனவே ஐந்து சதவீதம் கழிப்பது எனக்கு அநியாயமாகத் தெரியவில்லை. சும்மா கேட்டுப் பார்க்க எடுத்துச் செல்பவர்களை அது தடுக்கும். ஆனால் பொருளில் பழுது இருந்து திருப்பினால் அதைக் கழிக்கக் கூடாது. மனம் மாறித் திருப்பினால் மட்டுமே கழிக்கலாம். எழுத்தில் வேண்டாம் என்கிறாரே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்காக வரி கட்டி வியாபாரம் செய்பவருக்கு இதற்கு வழி இருக்கிறது. ஒப்புதலின் பேரில் அனுப்பும் பொருளுக்கு ஜிஎஸ்டியில் டெலிவரி சலான் (விற்பனை பில் அல்லாத, பொருளை அனுப்பும் சீட்டு) போட்டு அனுப்பலாம்; வாங்குபவர் ஒப்புக்கொள்ளும்போது பில் போடலாம், அதிகபட்சம் ஆறு மாதம் வரை அவகாசமும் உண்டு. எழுதித் தர மறுப்பவர் பில்லும் தர மறுப்பாரோ என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

பொருளை எடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வரிசை எண்கள், பின்பக்கம், பெட்டி மூலைகள், குமிழ்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகுகளின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிட்டால், திறந்தார்களா இல்லையா என்ற சந்தேகம் இரு பக்கமும் எழாது.

ஆம்பூர்_கேட்பவன் எழுதியது:

எனக்கு இதில் சற்றே மாற்றுக் கருத்து. பல ஆண்டுகளாக ஒரே வியாபாரியிடம் வாங்கி வருகிறேன். எந்தக் காகிதமும் இல்லை. பழுது என்றால் தொலைபேசியில் ஒரு வார்த்தை, மாற்றித் தந்துவிடுவார். முதல் நாளே முத்திரைத்தாள் நீட்டினால் அந்த உறவே தொடங்காமல் போய்விடாதா?

கோட்டைவாசல் (வேலூர்) எழுதியது:

ஆம்பூர் நண்பரே, பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். காட்பாடி நண்பர் அந்த வியாபாரியிடம் முதன்முறையாக வாங்குகிறார், அதுவும் மூன்று லட்சத்துக்கு. முத்திரைத்தாள் வேண்டாம், பணம் கட்டியதற்கான ரசீதிலேயே நான்கு வரி எழுதினால் போதுமானது. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞராக இருக்கும் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் இதற்கென்றே 24ஆம் பிரிவு இருக்கிறது. ஒப்புதலின் பேரில் அல்லது 'விற்பனை அல்லது திருப்பம்' என்ற முறையில் ஒப்படைக்கப்பட்ட பொருள், வாங்குபவர் தம் ஒப்புதலைத் தெரிவிக்கும்போதோ, மறுப்பைச் சொல்லாமல் குறித்த காலக்கெடுவைத் தாண்டி வைத்துக்கொள்ளும்போதோதான் அவருக்கு உரிமையாகிறது. வேறு உடன்பாடு இல்லாத வரை, சேத அபாயமும் உரிமையோடுதான் கைமாறும் என்கிறது 26ஆம் பிரிவு. ஆகவே சோதனை வாரத்தில் இடி விழுந்து கருவி கருகினால் அது யார் கணக்கு என்பது, உங்கள் ரசீதில் 'விற்பனை' என்று எழுதியிருக்கிறதா, 'ஒப்புதலுக்காக ஒப்படைப்பு' என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பெரிதும் பொறுத்தது. அதற்காக அக்கறையின்றி இருக்க முடியாது. பிறர் பொருளை வைத்திருப்பவர் தம் பொருளைப்போல் முன்யோசனையோடு காக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 151ஆம் பிரிவில் உள்ள கடமை.

கடைச் சோதனையை நன்றாகச் செய்யுங்கள் என்று ராணிப்பேட்டை நண்பர் சொன்னதற்குச் சட்டத்திலும் காரணம் இருக்கிறது. வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் வெளிப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு விற்பவரின் மறைமுகப் பொறுப்பு இல்லை என்று அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. வூஃபர் விளிம்பின் கிழிசலைப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பிறகு முறையிடுவது கடினம். வெப்பம் ஏறிய பிறகு உள்ளே தோன்றும் பழுதின் நிலை வேறு.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று கடையில் பலகை மாட்டியிருந்தாலும், குறைபாடுள்ள பொருளைப் பொறுத்தவரை அது விற்பவரைக் காப்பாற்றிவிடாது. கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம். ஆனால் இவை அனைத்துக்கும் கையில் ஒரு காகிதம் வேண்டும்.

தம்புராநாதம் (காட்பாடி) எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வழக்கறிஞர் ஐயா சொன்ன சொற்களையும் ஆரணி நண்பர் சொன்ன டெலிவரி சலானையும் குறிப்பிட்டுப் பேசியதும், வியாபாரியின் தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார். முழுத் தொகையும் முன்வைப்பாக. ஒப்புதலுக்காக ஒப்படைப்பு, ஒரு வாரம். மனம் மாறினால் ஐந்து சதவீதம் கழிவு, பழுதானால் கழிவு இல்லை என்று ரசீதிலேயே எழுதிக் கையொப்பம் இட்டார். வழியில் ஏற்படும் சேதம் பற்றியும் எழுதக் கேட்டேன். போகும்போது அவர் பொறுப்பு, திரும்பும்போது என் பொறுப்பு என்று முடிவாயிற்று.

கடையில் ஜால்ராச் சோதனையிலேயே இடப்பக்க ஸ்பீக்கர் மங்கலாகக் கேட்டது. ட்வீட்டர் சாகவில்லை, முன்பக்கத்திலுள்ள உச்ச ஒலி அளவுக் குமிழைத் திருப்பும்போது ஒலி மறைந்து மறைந்து வந்தது. உள்ளே பச்சைப் பூத்திருந்ததைக் கடைத் தொழிலாளி கழற்றிக் காட்டிச் சுத்தம் செய்து பொருத்தினார். அதன் பிறகு இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே ஒலித்தன.

வீட்டில், குடியாத்தம் நண்பர் சொன்னபடியே முதலில் மூலைகளில் உருண்டது. பின்சுவரிலிருந்து இரண்டரை அடி இழுத்து, ஜமக்காளம் விரித்த பிறகு மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாக நின்றன. ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டேன்.

ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிவிட்டேன். கடையின் ஏசியில் சூடான பிறகும் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டாத டிசி, பகல் வெயில் ஏறிய என் கூடத்தில் ஒரு மணி நேரம் பாடிய பிறகு வலப்பக்கத்தில் 180க்குப் போனது; கூடவே இடையிடையே ஒரு பொரிச்சல் ஓசை. மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினேன். பழுதுதான் என்று ஒப்புக்கொண்டு அதற்குரிய தொகையை முழுதாகத் தந்தார். திருப்பி அனுப்பும் வண்டிக் கூலி பற்றி மட்டும் ரசீதில் எழுதவில்லை என்பதால் சிறிது பேச்சு நடந்து, பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டோம். அடுத்து வாங்குபவர்கள் அந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர்_கேட்பவன் எழுதியது:

விவரமாக எழுதியதற்கு நன்றி. என்னிடமும் 100 வோல்ட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. பின்பக்கத்தில் 300 வாட் என்று போட்டிருக்கிறது. 500 விஏ (வோல்ட்-ஆம்பியர், அதாவது தாங்கும் திறன்) டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

ராணிப்பேட்டை_சர்வீஸ் எழுதியது:

போதும் என்று சொல்ல மாட்டேன். பின்பக்கத்தில் குறித்திருப்பது உச்சகட்டச் செலவு அல்ல. பாட்டின் திடீர் எழுச்சிகளிலும் சுவிட்ச் போடும் கணத்திலும் அதைத் தாண்டும். 1,000 விஏ எடுத்தால் சூடும் உறுமலும் குறைவாக இருக்கும். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். உள்ளே சுற்று அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கருவிக்குள் போகும் வாய்ப்பு அதில் உண்டு. தனித்தனிச் சுருள்கள் உள்ள ஐசொலேஷன் வகையைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, அது விகிதத்தில்தான் குறைக்கும். நம் பக்கத்தில் இரவில் 250 வோல்ட் வரும்போது கருவிக்கு ஏறத்தாழ 109 வோல்ட் போகிறது. மாலையில் 200க்கு இறங்கினால் 87தான் கிடைக்கிறது. ஆகவே டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் ஸ்டெபிலைசர் ஒன்றைப் போட்டு, வெளியீட்டை இரவிலும் மாலையிலும் அளந்து பார்த்துவிட்டு ஆம்ப்ளிஃபயரைச் செருகுங்கள்.